தனிமனைக் கணிப்பொறி: எர்பிட் அமைப்பின் நோக்கமும் எல்லையும்

பினாங்குத் தெருவில் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், கிட்டங்கி என்பது ஊரார் யாவரும் அறிந்த சொல். நீண்டதொரு கூடம், அக்கூடத்திற் பல கடைகள், கடை ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம், ஒரு விலாசம். கூடம் பொது, பெட்டகம் தனி. பெட்டகத்தின் சாவி உரியவர் மடியில் இருக்கும். இன்று நம் கடிதங்களும் படங்களும் கட்டுரைகளும் வைக்கப்பெற்றிருக்கும் இணையக் கூடங்களும் ஒருவகைக் கிட்டங்கிகளே. வேறுபாடு ஒன்றே: இங்கே சாவி கூடத்துக்காரர் கையில் இருக்கின்றது.

இவ்வேறுபாடு சிறிதன்று. 1990களின் பிற்பகுதியில் ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தில் உலகெங்கும் பலர் தம் முதல் வலைப்பக்கங்களை அமைத்தனர். அவற்றுள் தமிழ்ப் பக்கங்களும் இருந்தன. அதனை நடத்திவந்த யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் அதனை மூடிற்று. கூகுள் பிளஸ் என்னும் கூடம் 2019 ஏப்ரலில் மூடப்பெற்றது. முன்னறிவிப்புக் கொடுத்தே மூடினர். ஆயினும், அறிவிப்பைக் காணாதவரும் அதற்குள் காலமாகிவிட்டவரும் எழுதி வைத்தவை என்னாயின? தன்னார்வலர் சிலர் முனைந்து படியெடுத்துக் காத்தவை போக, எஞ்சியவை மறைந்தன.

ஆதலின், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தனிமனை கட்டிக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் அறிஞர் சிலர்க்குத் தோன்றிற்று. சட்டப் பேராசிரியர் ஈபன் மோக்லன் 2010இல் நியூயார்க்கில் ஆற்றிய சொற்பொழிவில், வீட்டுக்கு ஒரு சிறு கணிப்பொறி இருந்து வீட்டாரின் செய்திகளைத் தானே காத்தல் வேண்டும் என்றார். அதன் பயனாகப் பிறந்ததே ஃபிரீடம்பாக்ஸ். வைய விரிவலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, சாலிட் என்னும் வேறொரு திட்டத்தை வகுத்தார். இவ்வழியிற் பிறர் எவரினும் நெடுந்தொலைவு சென்றது எர்பிட் என்னும் அமைப்பு. அஃது எதைச் செய்ய முனைந்தது, எங்கே தடுக்கிற்று, அத்தடுக்கலிலிருந்து தமிழாசிரியர்க்கு விளங்கும் பாடம் யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

எர்பிட் என்பது யாது?

கர்ட்டிஸ் யார்வின் என்னும் அமெரிக்கர் 2002இல் இதன் அடிப்படையை வகுக்கத் தொடங்கினார். 2013இல் இதனை வளர்ப்பதற்கென்றே ட்லோன் என்னும் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிற்று. யார்வின் 2019இல் அந்நிறுவனத்தை விட்டு விலகினார்.

நாம் அறிந்த கணிப்பொறி அமைப்புகள் பல ஆண்டுகளாக, பலர் கைபட்டு, அடுக்கடுக்காக வளர்ந்தவை. அவற்றைத் தனியொருவர் தம் வீட்டில் வைத்துப் பேணுவது அரிது; ஆதலாலேயே மக்கள் பெரிய கூடங்களை நாடுகின்றனர் என்பது யார்வினின் கருத்து. மருந்தாக அவர் கூறியது: பழையதைச் செப்பனிடற்க, அடித்தளத்திலிருந்தே புதியதொன்று கட்டுக. அவ்வாறே நாக் என்னும் அடிப்படைக் கணக்கு முறையும், ஹூன் என்னும் நிரல்மொழியும், ஆர்வோ என்னும் இயக்க அமைப்பும், ஏம்ஸ் என்னும் செய்திப் போக்குவரத்து நெறியும் புதியனவாக அமைக்கப்பெற்றன. இவை யாவும் சேர்ந்து, லினக்ஸ் போன்ற வழக்கமான அமைப்பின்மேல் ஒரு நிரலாக ஓடும். ஒருவர்க்கு ஒரு பெயர், ஒரு சாவி, ஒரு மனை. மனைகள் தம்முள் நேரே பேசிக்கொள்ளும். நடுவிற் கூடத்துக்காரர் இல்லை.

நோக்கம் நன்றே. இனி எல்லைகளைக் காண்போம். அவை இருவகைப்படும். உழைப்பாலும் காலத்தாலும் தீரக்கூடியவை ஒருவகை. அமைப்பின் வேரிலேயே இருப்பதால் எளிதில் தீராதவை மற்றொரு வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குதல் கூடாது.

ஒன்று கூட்டத் தெரிந்த கணக்கப்பிள்ளை

முதலிற் புலப்படுவது வேகக் குறைவு. இதற்குச் சில்லு காரணமன்று. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்கூடத்தைப் பினாங்கில் அமைத்தது முதல், நம் தீவினர் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் பழகியவர். அவற்றின் விரைவு நமக்குத் தெரியும். காரணம் நாக் முறையின் எளிமை.

தமிழில் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தமும் கொண்டு 247 எழுத்துகளை அமைக்கின்றோம். நாக் முறையோ பன்னிரண்டே கட்டளைகளைக் கொண்டு எல்லாக் கணக்கையும் அமைக்க முயல்கின்றது. அதில் உள்ள பொருள்கள் இரண்டே: ஓர் இயல் எண், அல்லது இரண்டின் இணை. எழுத்தும் அங்கே எண்தான். 'அம்மா' என்னும் சொல் யூனிகோடு முறையில் ஐந்து குறிகளால் ஆவது. குறி ஒன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினைந்து பைட்டு. அப்பதினைந்து பைட்டும் சேர்ந்து எர்பிட்டில் ஒரே ஒரு பேரெண்ணாக நிற்கும்.

இம்முறையில் உள்ள எண் கணிதச் செயல் 'ஒன்று கூட்டு' என்பது மட்டுமே. கழித்தல் இல்லை. ஒன்று கூட்ட மட்டும் தெரிந்த கணக்கப்பிள்ளை ஒருவரிடம், நூறில் ஒன்று போனால் எவ்வளவு என்று கேட்பதாகக் கொள்வோம். அவர் சுழியத்திலிருந்து தொடங்குவார். சுழியத்தோடு ஒன்று கூட்டினால் நூறா? இல்லை. ஒன்றோடு ஒன்று கூட்டினால் நூறா? இல்லை. இவ்வாறே ஏறி ஏறி, 99ஐ அடைந்ததும் "விடை இதுவே" என்பார். நூறு என்றால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். நூறு கோடியில் ஒன்று கழிக்க ஏறத்தாழ நூறு கோடி முறை எண்ண வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் இக்கணக்கப்பிள்ளையிடம் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

எர்பிட்டை வகுத்தோர் இதனை அறியாதவர் அல்லர். 'ஜெட்' என்னும் உபாயம் ஒன்றைக் கையாண்டனர். கழித்தல் என்னும் வாய்பாடு வருவதைக் கண்டதும், அதனை விதிப்படி எண்ணிக்கொண்டிராமல், சி மொழியில் எழுதிய விரைவான நிரலைக் கொண்டு உடனே விடை காண்பதே அவ்வுபாயம். இதனால் வழக்கமான கணக்குகள் விரைவு பெற்றன. ஆயினும் இரண்டு இடர்கள் எஞ்சின. ஒன்று: ஜெட் எழுதப்பெறாத புதுக் கணக்கு வரும்போது வேகம் திடீரென வீழும், பத்து மடங்கா, ஆயிரம் மடங்கா என்பது அக்கணக்கைப் பொறுத்தது. மற்றொன்று: ஜெட் தரும் விடையும் விதிப்படி வரும் விடையும் எஞ்ஞான்றும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஓரிடத்திற் சிறிது பிறழ்ந்தாலும், மூலத்துக்கு மாறாக எழுதிய உரைபோல், எது மெய் என்னும் ஐயம் பிறக்கும். பன்னிரண்டு விதிகளின் தூய்மை என்று போற்றப்பட்டது, இவ்வாறு சி மொழி நிரல்களின் நேர்மையை நம்பி நிற்கலாயிற்று.

சிட்டையும் ஐந்தொகையும்

இரண்டாவது, நினைவிடத்தின் எல்லை. கிட்டங்கிக் கணக்கு அறிந்தவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். அன்றன்று நடந்ததை நடந்தபடியே எழுதுவது சிட்டை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இன்றைய நிலை இது என்று காட்டுவது ஐந்தொகை. எர்பிட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சியும், ஓர் எழுத்தைத் தட்டினாலும் ஒரு செய்தி வந்தாலும், முதலில் வட்டில் உள்ள சிட்டையில் ஏறும். ஏறிய பின்னரே அதன் விளைவு வெளியே செல்லும். ஆதலின் மின்சாரம் திடீரென நின்றாலும், இடி விழுந்து கணிப்பொறி அணைந்தாலும், ஒப்புக்கொண்ட செய்தி கெடாது. சிட்டையை முதலிலிருந்து படித்தால் இன்றைய ஐந்தொகை பிழையின்றி மீண்டும் கிடைக்கும். இது பாராட்டத்தக்க பண்பு.

அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வட்டில் எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டும். நிகழ்ச்சிகள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும். இற்றைச் சில்லில் எட்டுச் செயற்கருக்கள் இருந்தாலும், மனையின் நடுக் கணக்கை ஒன்றே பார்க்கும். நெடுங்கணக்கு ஒன்று நடுவே புகுந்தால், அது முடியும்வரை வாயிலில் வந்த கடிதங்கள் யாவும் காத்து நிற்கும். சிட்டையோ நாள்தோறும் தடித்துக்கொண்டே போகும். பிற்காலப் பதிப்புகளில் சிட்டையைக் காலப் பகுதிகளாகப் பிரித்துப் பழையதை நீக்க வழி செய்தனர்.

ஐந்தொகை முழுதும் நினைவிடத்தில் ஒரே பரப்பில் அடங்க வேண்டும் என்பதும் ஒரு விதி. பல ஆண்டுகள் அப்பரப்பு 2 கிகாபைட்டு அளவே இருந்தது. இன்று சாதாரணக் கைப்பேசியின் நினைவிடமே இதனினும் பெரிது. பின்னர் அவ்வெல்லை சில மடங்கு உயர்த்தப்பெற்றது. எனினும், பெரிய படங்களை உள்ளே வைத்தால் இடம் விரைவில் நிறைந்துவிடும். ஆகவே படங்களை வெளியே வாடகைக்கு எடுத்த சேமிப்பிடத்தில் வைத்து, அதன் முகவரியை மட்டும் உள்ளே வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. ஒரு தமிழ்ப்பள்ளி தன் ஆண்டு மலரை இதில் ஏற்றுவதாகக் கொள்வோம். கட்டுரைகள் தனிமனையில் இருக்கும். மாணவர் படங்கள் மீண்டும் கிட்டங்கிக்கே போகும். தனிமனை கட்டியதன் நோக்கம் இங்கே பாதி கெடுகின்றது.

இதுவரை கூறிய வேகமும் இடமும் முதல்வகைக் குறைகள். உழைத்தால் குறையக்கூடியவை, ஓரளவு குறைந்தும் உள்ளன. இனிக் கூறுவது அத்தகையதன்று.

இரண்டாம் படி இல்லாத மனை

எர்பிட் மனை ஒன்று ஒரே சமயத்தில் ஓரிடத்தில் மட்டுமே உயிரோடு இருக்கலாம். மனையை மூடி, அதன் கோப்பை வேறு கணிப்பொறிக்கு எடுத்துச் சென்று திறக்கலாம், தடையில்லை. ஆனால் ஒரே மனையின் இரண்டு படிகளை இரண்டு கணிப்பொறிகளில் ஓடவிடலாகாது. அதனினும் முக்கியமாக, ஆறு திங்களுக்கு முன் எடுத்து வைத்த காப்புப் படியை, கணிப்பொறி பழுதுற்றபோது எடுத்துத் திறந்து பழையபடி நடத்தலாகாது.

காரணம் ஏம்ஸ் நெறியில் உள்ளது. ஒரு மனை மற்றொரு மனைக்கு அனுப்பும் செய்திகள் வரிசை எண் பெற்றவை. எதுவரை பெற்றோம் என்பதை இருவரும் தத்தம் ஏட்டிற் குறித்துக்கொள்கின்றனர். ஒரு வணிகர் தம் சிட்டையின் கடைசி ஆறு மாத ஏடுகளைத் தொலைத்துவிட்டு, பழைய ஐந்தொகையோடு வந்து மேசையில் அமர்ந்தால் என்னாகும்? அவர் 500ஆம் கடிதம் என்று எழுதி அனுப்புவார். எதிர்க்கடைக்காரர் ஏட்டிலோ 800 வரை வந்தாயிற்று என்று இருக்கும். இருவர் கணக்கும் இனி ஒவ்வாது. மனிதராயின் பேசித் தீர்த்துக்கொள்வர்; எந்திரம் அது செய்யாது. எஞ்சிய வழி, "பழைய தொடர்பு முறிந்தது; புதிதாகத் தொடங்குகிறேன்" என்று எல்லோர்க்கும் அறிவித்து, வெறும் பெயரோடு மீண்டும் பிறப்பதே. பெயர் நிலைக்கும், அம்மனையில் நடந்த உரையாடல்களும் அது நடத்திய குழுக்களும் நிலைக்கா.

செய்தி தவறாமலும் இருமுறை வாராமலும் சேர வேண்டும், மனையின் வாழ்வு ஓர் இழையாகத் தொடர வேண்டும் என்னும் கொள்கையின் நேர்விளைவு இது. குணமும் குறையும் ஒரே வேரில் நிற்கின்றன; ஒன்றைக் களைந்தால் மற்றதும் அசையும்.

விலாசமும் குடிமையும்

மூன்றாவது, பெயர் பற்றியது. நகரத்தார் கடையின் விலாசம் அக்குடும்பத்தின் முன்னோர் பெயரெழுத்துகளால் ஆவது. சிங்கப்பூரிலும் இரங்கூனிலும் முகவர் எவர் இருந்தாலும் விலாசத்தின் நாணயமே அவர்க்கு முதல். எர்பிட்டும் பெயரின் நாணயத்தையே நம்புகின்றது. ஆனால் பெயரை நாம் இடுவதில்லை. எண் ஒன்றைக் கொடுத்து, அவ்வெண்ணை மூன்றெழுத்து ரோமன் அசைகளாக மாற்றி, அதனையே பெயராக்குகின்றனர். குடிமக்கள் நிலையில் உள்ள மனைக்கு நான்கு அசை. கபிலர் என்றோ குறிஞ்சி என்றோ காட்சிப் பெயர் ஒன்றை மேலே ஒட்டிக்கொள்ளலாம், அடிப்பெயர் மாறாது.

பெயர்களுக்கு அடுக்குமுறையும் உண்டு. உச்சியில் 256 'அண்டங்கள்'; அவற்றின்கீழ் 65,280 'விண்மீன்கள்'; அவற்றின்கீழ் 429 கோடிக்கு மேற்பட்ட 'கோள்கள்'. கோளே தனியாள் மனை. உலக மக்கள்தொகை 2022இல் 800 கோடியைக் கடந்தது. ஆகவே எல்லார்க்கும் ஒன்று என்பது கணக்கிலேயே இல்லை. பெயர் அரிதாகவும் விலையுடையதாகவும் இருந்தால்தான், ஆயிரம் பொய்ப்பெயர் பூண்டு குப்பைச் செய்தி அனுப்புவோர் அஞ்சுவர் என்பது வகுத்தோர் கூறும் காரணம். அது வலுவுள்ள காரணமே. ஆயினும் ஒரு கோள் தன் அயலாரைக் கண்டறிவதற்கும், அமைப்பின் புதிய பதிப்பைப் பெறுவதற்கும், தனக்கு மேலுள்ள விண்மீனைச் சார்ந்திருக்கிறது. பிடிக்காவிடின் வேறு விண்மீனின்கீழ்ப் போகலாம். அவ்விண்மீன் ஏற்றுக்கொள்ள வேண்டும். யார்வின் மக்களாட்சியை வெளிப்படையாக மறுத்து எழுதுபவர். ஆதலின் இவ்வடுக்கில் பழைய ஜமீன் முறையின் சாயலைக் கண்டு குறை கூறுவோர் உளர்.

பெயரின் உரிமைப் பதிவு 2019 முதல் எதிரியம் என்னும் பொதுப்பேரேட்டில் வைக்கப்பெறுகின்றது. எவரும் அதனை அழிக்க இயலாது என்பது நன்மை. ஆயின் தலைச்சாவி தொலைந்தால் முறையிடுவதற்கு ஓர் அலுவலகமும் இல்லை. இரவும் பகலும் ஓடும் கணிப்பொறி, தடையில்லா இணைப்பு, சாவியைக் காக்கும் பொறுப்பு ஆகிய இவை யாவும் மனைக்காரர் தலைமேல். சுமை மிகுதியென்று கண்டு, பலர் தம் மனையைக் காசு பெற்றோ இலவசமாகவோ நடத்தித் தரும் நிறுவனங்களிடம் ஒப்படைத்தனர். ட்லோன் நிறுவனமே அப்பணியைச் செய்கின்றது. விரும்பும்போது மனையைப் பெயர்த்துக்கொண்டு போகலாம் என்பது இதில் உள்ள ஆறுதல். வாட்ஸப்பில் அவ்வாறு இயலாது. எனினும், கிட்டங்கியை விட்டுப் புறப்பட்டவர் மீண்டும் ஒரு கிட்டங்கியின் வாயிலில் நிற்கின்றனர் என்பது உண்மை.

தமிழ் ஏடுகள் கற்பித்த வழி

தமிழ் நூல்கள் நமக்கு எவ்வாறு கிடைத்தன? பனையோலைக்கு வாழ்நாள் குறைவு. செல்லும் ஈரமும் அதற்குப் பகை. ஆயினும் நூல்கள் பிழைத்தன, ஒருவர் ஏட்டை மற்றொருவர் பெயர்த்து எழுதியதால். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, ஓரிடத்து ஏட்டை மட்டும் நம்பவில்லை. பல ஊர்ப் படிகளைத் தேடி ஒப்பிட்டார். படிகளுக்குள் பாடவேறுபாடு இருந்தது உண்மையே. ஆனால் வேறுபடுகின்ற பத்துப் படிகள் இருந்தமையாலன்றோ நூல் நின்றது? மாசற்ற ஒற்றைப் படி ஒன்றே இருந்து அது தீக்கிரையாகியிருப்பின், ஒப்பிட எதுவும் எஞ்சியிராது.

கணிப்பொறிக் காலத்திலும் இவ்வழி பிழைக்கவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில், பல நாட்டுத் தன்னார்வலர் தட்டெழுதிய நூல்களை எளிய கோப்புகளாக வெளியிட்டது. தொடக்கத்தில் இருந்த எழுத்துரு முறைகள் வழக்கொழிந்தபோது, கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. ஏனெனில் அவை எந்த ஓர் அமைப்பின் வயிற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. எவரும் படியெடுத்து எங்கும் வைக்கலாம் என்னும் இசைவே அதன் காப்பு.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் எர்பிட்டின் இடம் விளங்கும். அது நண்பர் சிலர் கூடிப் பேசும் திண்ணையாக இருக்கத் தகும். நூலகமாக இருக்கத் தகாது. திண்ணைப் பேச்சுக்கு ஓர் இழையான தொடர்ச்சி வேண்டும். நூலகத்துக்குப் பல படிகள் வேண்டும். உள்ளே வைத்த உரைக்கோப்புகளை வெளியே எடுக்க எர்பிட்டில் வழி உண்டு. குழு உரையாடல் போன்றவை அந்தந்தச் செயலியின் உள்நிலையில் கலந்து நிற்பதால், அச்செயலி வழிவிட்டால்தான் அவை வெளியே வரும்.

ஆகவே, பள்ளி மலரையோ சங்கத்தின் பழைய அறிக்கைகளையோ வகுப்புக் குறிப்புகளையோ எந்தப் புது அமைப்பில் ஏற்றுமுன்னும் ஆசிரியர் மூன்று வினாக்களைக் கேட்பது நன்று. இதனைச் செய்தவர் கடையை மூடிவிட்டாலும் இது ஓடுமா? இதன் காப்புப் படியை எடுத்து, பழுது நேர்ந்தபின் மீண்டும் திறந்து நடத்த இயலுமா? இதில் உள்ள எழுத்தை, இதன் துணையின்றிப் படிக்கக்கூடிய எளிய கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? எர்பிட் முதல் வினாவுக்குப் பெரும்பாலும் ஆம் என்கிறது. இரண்டாவதற்கு இல்லை என்கிறது. மூன்றாவதற்குப் பாதி விடை தருகிறது. நாம் நாள்தோறும் புழங்கும் பெருங்கூடங்களோ முதல் வினாவிலேயே தோற்கின்றன. அவற்றை விடுக என்று கூறுவது எளிது, செய்வது அரிது. ஆனால் அவற்றில் வைத்ததன் படியொன்றை எளிய கோப்பாக்கிப் பள்ளியில் ஒன்று, ஆசிரியர் வீட்டில் ஒன்று, வேற்றூர் நண்பர் ஒருவரிடம் ஒன்று என வைத்துக்கொள்ளப் புதிய கணிப்பொறி வேண்டுவதில்லை. ஓராண்டில் ஒரு பிற்பகல் போதும்.